அடித்தது நான் இல்லை, என் மேல் வழக்கு வருமா?

கேள்வி:

மேடம், வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியின் கிராமியக் கலைக்குழுவுக்கு இந்த வருடம் நான்தான் செயலாளர். பறை, ஒயிலாட்டம், கரகம் எல்லாம் ஆடுவோம், வெளிக் கல்லூரிப் போட்டிகளுக்கும் போவோம். குழுவில் புதிதாகச் சேரும் முதலாம் ஆண்டு பையன்களுக்கு ஐப்பசியில் 'முழுக்கு' என்று ஒன்று நடத்துவது எங்கள் வழக்கம். ராத்திரி ஆற்றுக்குக் கூட்டிப் போய்க் கழுத்தளவு தண்ணீரில் நிற்க வைத்துப் பாடச் சொல்வோம். அப்புறம் கரையில் முட்டி போட்டுக்கொண்டு ஆட வேண்டும். தாளம் தப்பினால் அடிக்குச்சியால் கெண்டைக்காலில் ஒரு தட்டு. முடிந்ததும் சீனியர்களுக்குப் புரோட்டா வாங்கித் தர வேண்டும், ஆளுக்கு ஆயிரம் ரூபாய். எனக்கும் முதல் வருடம் இதெல்லாம் நடந்தது.

இந்தத் தடவை ஒரு பையனுக்குக் காலில் ரத்தம் கட்டிவிட்டது. ஊருக்குப் போனவன் இரண்டு வாரமாகக் கல்லூரிக்கு வரவில்லை. அவன் அப்பா முதல்வரிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். வரும் திங்கட்கிழமை ராகிங் தடுப்புக் கமிட்டி விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் யாரையும் தொடவில்லை. பணத்தை ஜிபேயில் வாங்கி வைத்தேன், வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், அவ்வளவுதான். 'விருப்பப்பட்டே கலந்துகொள்கிறோம்' என்று எல்லாரிடமும் முன்னாலேயே கையெழுத்து வாங்கியிருக்கிறோம். நடந்தது கல்லூரிக்குள்ளும் இல்லை. எங்கள் பொறுப்பாசிரியர், 'வீடியோவையும் குரூப்பையும் அழித்துவிடு, பையன் வீட்டில் நான் பேசி முடிக்கிறேன்' என்கிறார். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தப் பையனை எந்தத் தெரு என்று கேட்டு இரண்டு பேர் கொஞ்சம் கிண்டல் செய்தார்கள், அது பெரிய விஷயம் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் என் மாமா, 'இங்கே என்றால் சங்கத்துக்குத்தான் அபராதம் போடுவார்கள்' என்கிறார். இங்கேயும் குழு மேல்தானே நடவடிக்கை வரும்? நான் எஸ்.ஐ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் மேல் வழக்கு வருமா?

பதில்:

தம்பி, வரலாம். கடிதத்தில் நீங்களே எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், வழக்கு என்று ஒன்று பதிவானால் உங்கள் பெயர் அதில் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியப்படுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'அவ்வளவுதான்' என்று நீங்கள் முடித்துவிட்ட வரிகளில்தான் உங்களுக்கான சிக்கல் முழுவதும் இருக்கிறது.

உங்கள் மாமா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அவர் சொன்னதில் பாதி சரி. அமெரிக்கக் கல்லூரிகளில் ஃப்ரட்டர்னிட்டி என்று மாணவர் சங்கங்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்குச் சொந்த வீடு, வங்கிக் கணக்கு, காப்பீடு, தேசிய அளவில் ஒரு தலைமை அமைப்பு எல்லாம் இருக்கும். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், அப்படி ஒரு சங்கத்தின் சேர்க்கை இரவில் அளவில்லாமல் குடிக்க வைக்கப்பட்ட மாணவர் படியில் விழுந்து அடிபட்டு, பின்பு இறந்துபோனார். அவர் விழுந்த பிறகு பல மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அதை ஒட்டி அந்த மாநிலம் 2018இல் கொண்டுவந்த சட்டப்படி சங்கத்துக்கே அபராதம் விதிக்கலாம், சங்கத்தின் வீட்டைக்கூடப் பறிமுதல் செய்யலாம். 2024 டிசம்பரில் அந்த நாட்டு மத்திய அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்தச் சங்கம் இப்படி நடந்துகொண்டது என்று கல்லூரிகள் பெயரோடு அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது அது. மாமா சொல்லாமல் விட்ட மீதிப் பாதி என்னவென்றால், அங்கேயும் சங்கத்தோடு விடுவதில்லை. அந்த 2017 சம்பவத்தில் சங்கத்தைச் சேர்ந்த மாணவர்கள் பலர் மேல் தனித்தனியாகக் குற்றச்சாட்டு பதிவானது.

உங்கள் குழுவுக்கு என்ன இருக்கிறது? பதிவு எண் இல்லை, சொந்தமாக ஒரு அறை இருந்தாலே அதிகம், கணக்கு என்று சொன்னால் அது உங்கள் ஜிபே. அபராதம் போட்டால் யார் கட்டுவது, யாரிடம் வசூலிப்பது? நம் ஊரில் கல்லூரிக் குழு என்பது சட்டத்தின் கண்ணுக்குத் தனி ஆள் அல்ல. கல்லூரி அந்தக் குழுவைக் கலைக்கலாம், போட்டிகளுக்கு அனுப்பாமல் நிறுத்தலாம். யார் செய்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாதபோது எல்லாருக்கும் சேர்த்துக் கூட்டுத் தண்டனை கொடுக்கவும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளில் இடம் இருக்கிறது. ஆனால் குற்ற வழக்கு என்று வந்தால் குழு காணாமல் போய்விடும். யார் கூப்பிட்டது, யார் குச்சியைப் பிடித்தது, யார் பணம் வாங்கியது, யார் படம் எடுத்தது, யார் தெரிந்தும் பேசாமல் இருந்தது என்று ஆள் ஆளாகத்தான் கேட்பார்கள். அதில் முதல் கேள்வி செயலாளரிடம்தான் வரும்.

இது தமிழ்நாட்டுச் சட்டத்தின் சொற்களிலேயே இருக்கிறது. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் சிதம்பரம். 1996 நவம்பரில் அங்கே மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குற்றவாளிக்குக் கடலூர் அமர்வு நீதிமன்றம் 1998இல் ஆயுள் தண்டனை விதித்தது, 2001இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மறுபடி உறுதி செய்தது. பதினைந்து வருடம் அந்தக் குடும்பம் நீதிமன்றப் படியேறியது. அந்தக் கொலையின் அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். அதன் 4ஆம் பிரிவு ராகிங் செய்தவரோடு நிற்கவில்லை. நேரடியாகவோ மறைமுகமாகவோ செய்தவர், பங்கெடுத்தவர், உடந்தையாக இருந்தவர், அதைப் பரப்பியவர் எல்லாரும் அதில் வருகிறார்கள். இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவதோடு வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது. சிறையைவிட இதுதான் பல பேருக்குப் பெரிய அடி.

இப்போது உங்களைப் பாருங்கள். பணம் வாங்கியது பங்கெடுப்பு. வீடியோ எடுத்தது அந்த இடத்தில் நீங்கள் இருந்ததற்கும், நடப்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததற்கும் சாட்சி. அதைக் குரூப்பில் போட்டது பரப்பியது. செயலாளராக இருந்து நாள் குறித்ததும் நீங்களாகத்தான் இருக்கும், கடிதத்தில் அதை எழுதவில்லை. சும்மா கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஒரு பையனுக்காக நான் நீதிமன்றத்தில் ஓரளவு வாதாட முடியும். வெறுமனே அங்கே இருந்தது மட்டும் உடந்தை ஆகாது என்று சொல்லலாம். உங்களுக்காக அதைச் சொல்ல வழியில்லை.

ராகிங் சட்டம் தனியாக வருவதும் அரிது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் பிரிவுகளும் சேர்ந்தே வரும். குச்சியால் அடித்து ரத்தம் கட்டியது காயப்படுத்துதல், 115ஆவது பிரிவு. போகவிடாமல் ஆற்றில் நிறுத்தி வைத்தது சட்டவிரோதமாக அடைத்து வைத்தலாகவோ தடுத்தலாகவோ பார்க்கப்படலாம். வெளியே சொன்னால் பார்த்துக்கொள்வோம் என்று யாராவது மிரட்டியிருந்தால் 351. பலர் ஒரே எண்ணத்தோடு செய்தால் ஒவ்வொருவரும் தானே செய்த மாதிரி பொறுப்பு என்கிறது 3(5). அப்புறம் அந்த ஆயிரம் ரூபாய். அதை நீங்கள் புரோட்டா காசாகப் பார்க்கிறீர்கள். பயத்தில் வைத்து ஒருவரிடம் பணம் பெற்றால் அது 308ஆவது பிரிவின்படி பணப்பறிப்பு, ஏழு ஆண்டு வரை சிறை உண்டு, ஜாமீனில் விட முடியாத குற்றம். புதிதாகச் சேர்ந்தவர்கள் மேல் கட்டாயச் செலவைச் சுமத்துவதும் ராகிங்தான் என்று மானியக் குழு விதிமுறைகளும் தனியாகச் சொல்கின்றன. நீங்கள் எதையும் கையால் தொடவில்லை என்கிறீர்கள். இருப்பதிலேயே கனமான பிரிவுக்கான சாட்சி உங்கள் போனில், தேதி, நேரம், பெயரோடு இருக்கிறது.

கையெழுத்து வாங்கிய தாளை நம்ப வேண்டாம். பயத்தில் கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை என்கிறது சம்ஹிதையின் 28ஆவது பிரிவு. முதல் வருடம் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகாத பையன், குழுவில் இடம் வேண்டும் என்றால் கையெழுத்துப் போடு என்று சொன்னால் போடத்தான் செய்வான். அவர்களில் சிலருக்குப் பதினெட்டு வயதே ஆகியிருக்காது. சாதாரணமாக ஒரு மாணவர் தானாக விரும்பிச் செய்யாத காரியத்தைச் செய்யச் சொல்வதே ராகிங் என்றுதான் 1997ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. என்னைக் கேட்டால் அந்தத் தாள் உங்களுக்கு எதிராகத்தான் பேசும். தப்பு என்று முன்னாலேயே தெரிந்திருந்தால்தானே கையெழுத்து வாங்கத் தோன்றும் என்று அரசு வக்கீல் கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன்.

கல்லூரிக்கு வெளியே நடந்தது என்ற வாதமும் நிற்காது. கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயோ வெளியேயோ என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. உண்மையில் இடம் உங்களுக்குப் பாதகம்தான். ஐப்பசி என்றால் வடகிழக்குப் பருவமழை. மேலே எங்கே எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்பது கரையில் நிற்கிற உங்களுக்குத் தெரியாது, இருட்டில் ஆறும் சொல்லாது. நீச்சல் தெரியுமா என்று எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? ஒருவன் கால் தவறியிருந்தால் நாம் இன்று பேசிக்கொண்டிருப்பது அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கான 106ஆவது பிரிவைப் பற்றியோ அதைவிடப் பெரிய பிரிவைப் பற்றியோதான். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்தப் பையனின் அப்பா புகார் எழுதும்போது அவர் மனதில் ஓடியிருப்பது இதுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கும் நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அதைச் சொன்னால் தண்டனை நேரத்தில் ஒரு நீதிபதி காது கொடுக்கலாம். வழக்கிலிருந்து அது விடுவிக்காது. தவிர, பறை பழகுவதற்கும் கெண்டைக்காலில் அடி வாங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. குச்சி பறையின் தோலில் விழ வேண்டியது.

சரி, இப்போது அந்தத் தெரு விஷயத்துக்கு வருகிறேன். ஒரே வரியில் 'பெரிய விஷயம் இல்லை' என்று தாண்டிவிட்டீர்கள். என் பார்வையில் உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே பெரிய விஷயம் அதுதான். எந்த ஊர் என்று கேட்டுவிட்டு அடுத்ததாக எந்தத் தெரு என்று ஒருவன் ஏன் கேட்கிறான் என்று டெல்டாவில் பிறந்த உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டவர்களுக்கும் தெரியும், பதில் சொல்ல வாயெடுத்துத் தயங்கிய பையனுக்கும் தெரியும். அந்தப் பையன் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவனாகவும், கிண்டல் செய்தவர்கள் அப்படி இல்லாதவர்களாகவும் இருந்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வருகிறது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தாலோ மிரட்டினாலோ ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை. ஆற்றங்கரை அப்படிப்பட்ட இடமா, அங்கே நின்றவர்கள் பொதுமக்களா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். அதில் வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் முன்ஜாமீன் கிடையாது என்று 18ஆவது பிரிவு சொல்கிறது. மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்கு இல்லை என்று தெரிந்தால் மட்டும்தான் நீதிமன்றம் அதைத் தாண்டும். விசாரணையும் துணைக் கண்காணிப்பாளர் அந்தஸ்தில் உள்ள அதிகாரி கைக்குப் போய்விடும். சாதியே தெரியாது என்று கிண்டல் செய்தவர்கள் சொல்லலாம். தெருவைக் கேட்டதே அதைத் தெரிந்துகொள்ளத்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அப்போது உங்கள் வீடியோவில் குரலும் பதிவாகியிருக்கும்.

அந்த வார்த்தைகளைச் சொன்னது நீங்கள் இல்லை என்றால், அதைக் கமிட்டியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். நீங்கள் சிரித்தீர்களா என்றும் கேட்பார்கள். அதற்கும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். மானியக் குழு 2016இல் தன் விதிமுறையைத் திருத்தி, சாதி, மதம், நிறம், மொழி, பிறந்த இடம், வசிக்கும் இடம், பொருளாதார நிலை ஆகியவற்றின் பேரில் நடக்கும் துன்புறுத்தலையும் ராகிங்கில் சேர்த்திருக்கிறது. போலீஸ் வழக்கு அந்தச் சட்டத்தில் பதிவாகாவிட்டாலும் கல்லூரி நடவடிக்கை எடுக்க இது ஒன்றே போதும்.

அழித்துவிடு என்று ஆசிரியர் சொன்னதைச் செய்துவிட்டீர்களா, இன்னும் செய்யவில்லையா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். நீதிமன்றத்திலோ அரசு ஊழியர் முன் நடக்கும் விசாரணையிலோ காட்ட வேண்டி வரும் மின்னணுப் பதிவை, அங்கே காட்ட முடியாதபடி அழிப்பது சம்ஹிதையின் 241ஆவது பிரிவில் தனிக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. ராகிங் சட்டத்தின் தண்டனையே இரண்டு ஆண்டுதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குற்றவாளியைக் காப்பாற்றச் சாட்சியத்தை மறைத்ததாக 238உம் சேரலாம். இத்தனை செய்தும் பலன் இல்லை. குரூப்பில் இருந்த ஒவ்வொருவர் போனிலும் அந்த வீடியோ இறங்கியிருக்கும். அந்தப் பையன் போனிலும் இருக்கலாம். நீங்கள் அழித்தால் உங்கள் போனில் மட்டும்தான் இருக்காது, அழித்தவர் நீங்கள் என்ற தடயம் மட்டும் மிஞ்சும். வெட்டாமல் ஒட்டாமல் இருக்கிறபடியே இருக்கட்டும். போனை மாற்ற வேண்டாம், ரீசெட் செய்ய வேண்டாம். இன்னொருவருக்கு அனுப்பவும் வேண்டாம், அது மறுபடி பரப்புவது. ஆடை இல்லாமலோ அரைகுறையாகவோ பையன்கள் அதில் நின்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் வரும் என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

உங்கள் பொறுப்பாசிரியர் உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புகார் வந்தால் நிறுவனத் தலைவரோ நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரோ உடனே விசாரிக்க வேண்டும், உண்மை என்று தெரிந்தால் அந்த மாணவரை இடைநீக்கம் செய்ய வேண்டும், இதைச் செய்யத் தவறினால் அவரே ராகிங்குக்கு உடந்தையாக இருந்ததாகக் கருதப்பட்டு அதே தண்டனைக்கு ஆளாவார் என்பது 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. குற்ற வழக்குக்கு முகாந்திரம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய வைக்க வேண்டும் என்று மானியக் குழு விதிமுறையும் கல்லூரித் தலைமையிடம் சொல்கிறது. ஆண்டுதோறும் இந்த 'முழுக்கு' நடக்கிறது என்றால் ஆசிரியருக்கு முன்னாலேயே தெரியுமா என்ற கேள்வி வரத்தான் போகிறது. வீடியோ இருந்தால் அவருக்கும் தொல்லை. அழிப்பது அவருக்குச் சௌகரியம், அழித்த குற்றம் உங்களுக்கு. அவர் இதை வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருந்தால் அதையும் வைத்திருங்கள். அவரோடு சண்டை போட வேண்டாம், மரியாதையாக, 'இல்லை சார், வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

பையன் வீட்டுக்கு யாரும் போகக் கூடாது. ஆசிரியரும் போகக் கூடாது, ஊர்ப் பெரியவர்களையும் அனுப்பக் கூடாது. நம் பக்கத்தில் எதையும் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வரப்புத் தகராறுக்கு அது சரி. இங்கே நான்கு பேர் காரில் போய் இறங்கினாலே மிரட்டினார்கள் என்று இன்னொரு புகார் வரும். தெரு விஷயம் வேறு இருக்கும்போது யார் யாரை எங்கே அனுப்புகிறார்கள் என்பதே தனிக் கதையாகிவிடும். காயப்படுத்துதல் போன்ற சில குற்றங்களைப் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. எல்லாவற்றையும் அப்படி முடிக்க முடியாது. பின்னால் இரண்டு தரப்பும் உண்மையிலேயே ஒத்துப்போனால் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம், அது வக்கீல்கள் மூலம் நடக்க வேண்டியது, அந்தக் குடும்பம் தானாக விரும்பினால் மட்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் நல்லதுதான். முதல்வர் வழியாக ஒரு கடிதம் கொடுங்கள், அதையும் உங்கள் வக்கீல் படித்த பிறகு. புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்று அதில் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. பணத்தையும் அதே வழியாகத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஒரே வக்கீல் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. குச்சியால் அடித்தவர், தெருவைக் கேட்டவர், பணம் வாங்கிய நீங்கள், மூன்று பேருக்கும் சொல்ல வேண்டியது மூன்று விதம். ஒருவருக்கு நல்லதாக இருப்பது இன்னொருவருக்குக் கெடுதல். எந்த நேர்மையான வக்கீலும் அந்தக் கூட்டத்துக்கு மொத்தமாக வக்காலத்து போட மாட்டார். உங்களுக்கென்று தனியாக ஒருவரைப் பாருங்கள், திங்கட்கிழமைக்கு முன்பே பாருங்கள். செலவு கையைக் கடிக்கும் என்றால் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று இதை நீண்ட நாள் நடத்த முடியாது.

கமிட்டியில் என்ன சொல்வது? பொய் சொல்லாதீர்கள். அரை நிமிட வீடியோ அந்தப் பொய்யை உடைத்துவிடும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதே நேரத்தில் வக்கீலைக் கேட்காமல் எதையும் கைப்பட எழுதிக் கொடுக்காதீர்கள். போலீஸாரிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. கல்லூரியில் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நினைக்காதீர்கள். விதிப்படி அமைந்த கமிட்டி என்றால் காவல் துறைப் பிரதிநிதியும் அதில் இருப்பார். எனவே வக்கீலோடு உட்கார்ந்து தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். நீங்கள் பார்க்காததை, கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். உங்கள் பங்கைக் குறைத்தும் எழுத வேண்டாம், அடுத்தவர் தலையில் கட்டவும் வேண்டாம். நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி எடுக்கும் நடவடிக்கை இடைநீக்கம், தேர்வு எழுத விடாமல் நிறுத்துவது, போட்டிகளில் கல்லூரி சார்பாகக் கலந்துகொள்ளத் தடை, சில செமஸ்டர்களுக்கு வெளியே அனுப்புவது என்று பல அளவில் இருக்கிறது. முதல் சுற்றிலேயே நேராகப் பேசியவர்களையும் மறைத்துப் பிடிபட்டவர்களையும் கமிட்டிகள் ஒரே மாதிரி நடத்துவதில்லை. இது என் அனுபவம், சட்டத்தில் எழுதியிருப்பது அல்ல.

இந்தப் பக்கத்தை அந்தப் பையனின் வீட்டாரும் படிக்கலாம் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரியின் நடவடிக்கை உங்களுக்குத் திருப்தி இல்லை என்றால், கல்லூரியே எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே உத்தரவிட்டிருக்கிறது. நீங்களே நேராகக் காவல் நிலையத்துக்கும் போகலாம். எந்த ஊர் நிலையத்திலும் புகாரை வாங்க வேண்டும், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. 1800-180-5522 என்ற தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் எல்லா நேரமும் இயங்குகிறது. காலில் ரத்தம் கட்டியதற்கு அரசு மருத்துவமனையில் காட்டி, அடிபட்ட விதத்தைப் பதிவு செய்த சீட்டு வாங்கி வைத்திருங்கள். அது நாளாக நாளாக மறையும்.

கடைசியாக உங்கள் எஸ்.ஐ. தேர்வு. தமிழ்நாட்டுக் காவல் துறைப் பணி விதிகள் இதில் கடுமையானவை. குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் சந்தேகத்தின் பலனில் விடுதலையானால்கூட அதைத் தகுதிக் குறைவாகப் பார்க்கிறார்கள். எனவே வழக்கு பதிவானால் அது உங்கள் விண்ணப்பத்தைப் பாதிக்கும், அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் வழக்கை மறைத்து விண்ணப்பிப்பது அதைவிட மோசம். முன்விவரச் சரிபார்ப்பில் தகவலை மறைத்தால் அந்தக் காரணத்துக்காகவே வேலையை ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லியிருக்கிறது. படிவத்தில் கேட்டால் இருப்பதை எழுதுங்கள். மற்ற போட்டித் தேர்வுகளுக்கும் சேர்த்துப் படியுங்கள், எல்லாத் துறையும் சீருடைத் துறை அளவுக்குக் கடுமையாகப் பார்ப்பதில்லை.

காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் பதறி ஊரைவிட்டுப் போய்விடாதீர்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்வதற்குப் பதிலாக, குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 35(3)இன்படி நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். குறித்த நாளில் வக்கீலோடு போய் ஆஜராகி, விசாரணைக்கு ஒத்துழைத்தால் பெரும்பாலும் கைது வரை போகாது. தலைமறைவானால் அந்தச் சலுகை போய்விடும். முன்ஜாமீன் போட வேண்டுமா, எப்போது போட வேண்டும் என்பது எந்தெந்தப் பிரிவு சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகலை எடுத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.